நாற்றுப் பைக்குள் கூட்டுக்குடித்தனம்

வாகைக் கன்று ஒன்றின் நாற்றுப் பையைக் கிழித்து, வேரை மெல்லக் கழுவிப் பாருங்கள். சின்னச் சின்ன முடிச்சுகள் தெரிந்தால் ஒன்றை நகத்தால் பிளக்கலாம். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால், கன்று தழைச்சத்தைக் காற்றிலிருந்தே பெறுகிறது என்று பொருள். முடிச்சுக்குள் இருக்கும் ரைசோபியம் பாக்டீரியா நைட்ரஜனை அம்மோனியாவாக்குகிறது. அதற்கான நொதி ஆக்சிஜன் பட்டால் கெட்டுவிடும். பாக்டீரியாவுக்கோ மூச்சுவிட ஆக்சிஜன் வேண்டும். நம் இரத்தத்தின் ஹீமோகுளோபினுக்கு உறவான ஒரு புரதம் ஆக்சிஜனைப் பிடித்துவைத்து அளந்து கொடுக்கிறது. முடிச்சின் சிவப்பு அதனுடையது. வெளுத்த முடிச்சு இருந்தும் பயனில்லை.

பயறுக் குடும்பத்து மரமெல்லாம் இப்படியல்ல. புளியும் சரக்கொன்றையும் அந்தக் குடும்பம்தான்; முடிச்சு போடுவதில்லை. அவற்றுக்கு ரைசோபியம் வாங்குவது வீண் செலவு. சவுண்டலோ ஆள் பார்த்துத்தான் சேரும். அதற்கேற்ற ரைசோபியம் ரகம் மண்ணில் இல்லாவிட்டால் முடிச்சு வைக்காது.

முடிச்சுக்குள் ஒரு நைட்ரஜன் மூலக்கூறை அம்மோனியாவாக்க, உயிரணுவின் ஆற்றல் நாணயமான ஏடிபியில் குறைந்தது 16 மூலக்கூறுகள் செலவாகும். ஏடிபிக்கு மணிச்சத்து (பாஸ்பரஸ்) வேண்டும். நம் செம்மண்ணில் அது இரும்போடு ஒட்டிக்கொண்டு நகராமல் கிடக்கிறது. அதை எடுத்துவருவது வேம் எனப்படும் வேர் உட்பூசணம். அதன் இழைகள் வேர்த்தூவி எட்டாத தூரம்வரை போய் மணிச்சத்தைக் கொண்டுவரும்; கூலியாகச் சர்க்கரை வாங்கிக்கொள்ளும். உயிருள்ள வேர் இல்லாமல் வளராது என்பதால் இதை மக்காச்சோளம் போன்ற செடியின் வேரில்தான் பெருக்குகிறார்கள். பையில் விதைக்குச் சற்றுக் கீழே இட்டால், இறங்கும் வேர் அதைத் தொட்டே தீரும்.

வாகை விதையின் தோல் கடினம். வெந்நீரில் ஊறவைத்து, நன்றாக ஆறிய பிறகே ரைசோபியம் கலந்த அரிசிக் கஞ்சியில் புரட்டி நிழலில் உலர்த்த வேண்டும். சூட்டோடு கலந்தால் பாக்டீரியா செத்துவிடும். பிறகு யூரியாவைத் தாராளமாகப் போடாதீர்கள். கையில் தழைச்சத்து கிடைத்துவிட்டால் கன்று முடிச்சு போடும் வேலையையே விட்டுவிடும்.

வளமான மண்ணில் ரைசோபியமும் வேமும் இடுவதால் பெரிய வித்தியாசம் தெரியாமல் போகலாம். நெய்வேலிச் சுரங்கத்தில் ஆழத்திலிருந்து வாரிக் கொட்டிய மண் போன்ற இடங்களுக்குத்தான் இது அவசியம்.

செலவில்லாத வழியும் உண்டு: முடிச்சு வைத்த பழைய வாகையின் அடிமண்ணைப் பைமண்ணில் கலப்பது. ஆனால் கூடவே நூற்புழுவும் வரலாம். அது உண்டாக்கும் வீக்கத்தை முடிச்சென்று நம்பி மகிழ்பவர்கள் உண்டு. ரைசோபியம் முடிச்சு வேரின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும், தேய்த்தால் உதிரும். புழு வீக்கத்தில் வேரே தடித்திருக்கும்.