ஒரே பகலில் நிற்கும் அறையும் அதற்குரிய அனுமதியும்

பெங்களூரில் வாழும் நம்மவர் பலருக்குச் சொந்தமென்று இருப்பது இருபதுக்கு முப்பது அடி மனையே. குடும்பம் பெருகும், மனை பெருகாது. ஆகவே மொட்டை மாடியில் ஆயத்த அறையொன்றை இறக்கிவிடலாமா என்று கேட்போர் நம் சங்கத்தில் பலர். அவ்வாறு முயன்று பட்டறிந்தவன் நான்; அதனாலேயே இதனை எழுதத் துணிந்தேன்.

கணவரை இழந்த என் தமக்கையார் ஆம்பூரிலிருந்து வந்து எங்களோடு தங்கவேண்டிய நிலை ஏற்பட்டது. தொழிற்சாலையில் செய்து லாரியில் கொண்டுவரும் இரும்புச் சட்ட அறையொன்றுக்கு முன்பணம் கொடுத்தேன். "இது கட்டடமன்று, ஐயா; பெட்டி. அடித்தளம் இல்லாததற்கு அனுமதி எதற்கு?" என்றார் விற்றவர். எனக்கும் அது நியாயமாகவே பட்டது.

அண்டை வீட்டில் வாழும் ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருவரே என் கண்ணைத் திறந்தார். "தம்பி, நீங்கள் ரயில்வேக்காரர். தண்டவாளத்தில் ஓடும்வரை அது வண்டி. அதையே இறக்கி வைத்து, விளக்குப் போட்டு, ஆள் குடியேறிவிட்டால் அதன் பெயர் என்ன?" என்று கேட்டார். வீடு என்றேன். "சட்டமும் அதையே சொல்கிறது" என்றார்.

உண்மைதான். 1976ஆம் ஆண்டுக் கர்நாடக மாநகராட்சிச் சட்டம் கட்டடம் என்பதற்குப் பொருள் கூறுமிடத்து, கொட்டகை, குடிசை ஆகியவற்றையும் சேர்த்து, செங்கல், மரம், மண், உலோகம் என எப்பொருளால் ஆனதாயினும் கட்டடமே என்றது. பெங்களூருக்கு அதன்பின் வேறு சட்டங்கள் வந்துவிட்டன. எனினும் அந்நெறி மாறவில்லை.

அரசுக்கே இச்சங்கடம் நேர்ந்ததுண்டு. 2017 ஆகஸ்டில் தொடங்கிய இந்திரா உணவகங்களுக்கான கான்கிரீட் பகுதிகள் நம் கிருஷ்ணகிரியில் வார்க்கப்பட்டு, இங்கே கொணர்ந்து பொருத்தப்பட்டன. ஆயினும் சில பூங்காக்களில் அவற்றை நிறுத்த முற்பட்டபோது குடியிருப்போர் எதிர்த்தனர். விரைவில் நிற்பது வேறு. நிற்க உரிமையுள்ள இடத்தில் நிற்பது வேறு.

ஆகவே அன்பர்கள் முன்பணம் கொடுக்குமுன் நான்கு செய்திகளைப் பார்த்துக்கொள்க. ஒன்று, காத்தாவும் வரி ரசீதும் செம்மையாக உள்ளனவா? இரண்டு, பழைய வரைபடத்தில் எத்தனை மாடிக்கு அனுமதி உண்டு? மூன்று, பழைய தளமும் தூண்களும் புதிய சுமையைத் தாங்குமென்று தகுதிபெற்ற பொறியாளர் எழுதித் தருவாரா? காற்றுக்குப் பெயராவண்ணம் அறையைப் பிணைப்பது எவ்வாறு? நான்கு, சுற்றிலும் விடவேண்டிய இடம் விடப்பட்டுள்ளதா? 2025 செப்டம்பரில் பழைய மாநகராட்சி ஐந்தாகப் பிரிந்துவிட்டமையால், தம் வீடு எதனைச் சேர்ந்தது என்பதையும் அறிந்துகொள்க. கன்னடம் எழுதத் தெரியாதோர் நாணாது அயலாரை உதவிக்கு அழைக்கலாம், மறுப்பார் அரியர்.

எங்கள் பழைய வரைபடத்தில் ஒரு மாடிக்கே அனுமதி இருந்தது. புதிதாக விண்ணப்பித்து அனுமதி வர ஐந்து மாதம் ஆயிற்று. அதுவரை தமக்கையார் கூடத்திலேயே பாய் விரித்துப் படுத்தார். என் அறியாமையால் அவருக்கு இத்துன்பம் என்று நான் வருந்தியபோது, "காத்திருப்பது எனக்குப் புதிதன்று, தம்பி. யாரேனும் வந்து இடிப்பார்களோ என்று அஞ்சிக்கொண்டு படுப்பதுதான் ஆகாது" என்றார்.

அறை ஒரே பகலில் நின்றது. அன்றிரவு அவர் தம் கதவைத் தாமே தாழிட்டு நிம்மதியாக உறங்கினார்.