மலையேறும் வாட்ச்: காசுக்கு ஏத்த பொருளா?

இந்த வாரக் கேள்வி, டிரெக்கிங் போக ஆரம்பிச்ச எல்லாரும் ஒரு கட்டத்துல கேக்கிறதுதான். "ஜிபிஎஸ், உயரமானி, திசைகாட்டி, இதயத்துடிப்புன்னு எல்லாம் சேர்ந்த அவுட்டோர் வாட்ச் வாங்கலாமா?" விலை சுமார் 15,000 ரூபாய்ல ஆரம்பிச்சு ஒரு லட்சத்தைத் தாண்டியும் போகுது. அதனால கொஞ்சம் விளக்கமாவே பேசிடலாம்.

முதல்ல என் கதை. கொடைக்கானல் பக்கம் ஒரு ராத்திரி டென்ட் போட்டுத் தங்கினோம். வாட்ச்ல உயரத்தைப் பார்த்துட்டுப் படுத்தேன். காலையில எழுந்தா 30 மீட்டர் கூடியிருக்கு! தூக்கத்துலயே பத்து மாடி ஏறியிருக்கேன். வாட்ச் போச்சுன்னு நினைச்சேன். வாட்ச்ல கோளாறு எதுவும் இல்ல, அது காட்டுறதை எப்படிப் புரிஞ்சுக்கணும்னு எனக்குத்தான் தெரியல.

இந்த வகை வாட்ச் உயரத்தை நேரடியா அளக்கிறதில்ல. காற்றழுத்தத்தை அளந்து, அதிலிருந்து உயரத்தைக் கணக்குப் போடுது. மேல போகப் போக அழுத்தம் குறையும். 2,000 மீட்டர் உயரத்துல, சுமார் 10 மீட்டர் ஏறினா ஒரு ஹெக்டோபாஸ்கல் குறையும். ஆனா வானிலை மாறினாலும் அழுத்தம் மாறுமே! நீங்க நகராமலே 3 ஹெக்டோபாஸ்கல் குறைஞ்சா, 30 மீட்டர் ஏறிட்டதா வாட்ச் நினைச்சுக்கும். நம்ம ஊர் மாதிரி வெப்பமண்டலப் பகுதியில வானம் தெளிவா இருக்கிற நாள்லகூட, காலை 10 மணியிலிருந்து மாலை 4 மணிக்குள்ள அழுத்தம் 3, 4 ஹெக்டோபாஸ்கல் இறங்கும். தினமும் நடக்கிற விஷயம் இது.

அதனால உயரம் தெரிஞ்ச ஒரு இடத்துல வாட்சை அப்பப்போ சரிபண்ணிக்கணும். ரயில்வே ஸ்டேஷன் மஞ்சள் போர்டுல கடல்மட்டத்திலிருந்து எவ்வளவு உயரம்னு எழுதியிருப்பாங்க இல்லையா? ஊட்டி ரயில்ல போனா அதைப் பார்த்து செட் பண்ணிக்கலாம்.

மத்த சென்சார்களும் இப்படித்தான். இதயத்துடிப்பை, தோல்ல பச்சை வெளிச்சம் அடிச்சு ரத்த ஓட்டத்தை வச்சு கணிக்குது. ஸ்ட்ராப் தளர்வா இருந்தாலோ, குளிர்ல கை விறைச்சாலோ, பச்சை குத்தியிருந்தாலோ தப்பா காட்டலாம். வெப்பநிலையில உங்க கைச்சூடும் சேர்ந்துடும். சரியா வேணும்னா வாட்சைக் கழட்டி அரை மணி நேரமாவது வச்சுட்டுப் பாக்கணும். "50 மீட்டர் வாட்டர் ரெசிஸ்டன்ட்"ன்னு போட்டிருந்தா 50 மீட்டர் ஆழம் முங்கலாம்னு அர்த்தம் இல்ல. நீச்சல்குளத்துக்குப் போதும், ஸ்கூபா டைவிங்குக்கு ஆகாது.

சரி, போன்லயே ஜிபிஎஸ் இருக்கே? இருக்கு. டவர் இல்லாத இடத்துலயும் அது வேலை செய்யும், மேப்பை முன்னாடியே டவுன்லோட் பண்ணியிருந்தா போதும். வாட்சோட உண்மையான பலம் பேட்டரிதான். அதோட, மழையிலயும் வியர்வையிலயும் போனை வெளியே எடுக்காம கையைத் திருப்பிப் பாக்கலாம். ரெண்டு மூணு நாள் நடைபயணம், மாரத்தான் பயிற்சி, தொடர்ந்து நீச்சல் – இதுல ஏதாவது உங்க வழக்கம்னா வாங்கின காசுக்கு அது உழைக்கும்.

இப்போ முக்கியமான விஷயம். ஜிபிஎஸ் வாட்ச் கையில இருந்தா ஆபத்துல காப்பாத்திடும்னு நிறைய பேர் நம்புறாங்க. ஜிபிஎஸ் சிக்னலை வாங்க மட்டும்தான் செய்யும். நீங்க இருக்கிற இடம் உங்களுக்குத் தெரியும், வேற யாருக்கும் தெரியாது. பெரும்பாலான வாட்ச்ல இருக்கிற எஸ்ஓஎஸ் பட்டன், போனுக்கு டவர் இருந்தாதான் வேலை செய்யும். சேட்டிலைட் வழியா மெசேஜ் அனுப்புற கருவியை நம்ம நாட்டுல அனுமதி இல்லாம வச்சிருந்தா சட்டச் சிக்கல் வரும். தெரியாம கொண்டுவந்த வெளிநாட்டுப் பயணிகள் ஏர்போர்ட்லயே மாட்டியிருக்காங்க.

2018 மார்ச் 11, தேனி மாவட்டம் குரங்கணி. காட்டுத்தீயில சிக்கி 20-க்கும் மேற்பட்ட டிரெக்கர்கள் இறந்துபோனாங்க. தீ எந்தப் பக்கம் வருதுன்னு எந்த வாட்சும் சொல்லாது. அதைச் சொல்லக்கூடியவங்க அந்தக் காட்டை அறிஞ்சவங்க, அதாவது வனத்துறையும் உள்ளூர் வழிகாட்டிகளும். 2024 அக்டோபர்ல தொடங்கின 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்துல 40 வழித்தடங்கள், கூடவே வழிகாட்டியும் வருவாங்க. அனுமதி வாங்கிப் போகவும் வழி இருக்கு.

அதனால என் பதில் இது. வருஷத்துக்கு ரெண்டு டிரெக்தான்னா வாட்ச் இப்போ வேண்டாம். அந்தக் காசுல நல்ல பிடிமானமுள்ள ஷூ, மழைக்கோட்டு, ஹெட்லேம்ப், பவர்பேங்க் வாங்குங்க, மீதி வழிகாட்டிக் கட்டணத்துக்கு ஆகும். மாசத்துக்கு ஒரு தடவையாவது வெளியே போறீங்கன்னா, முதல்ல நாலு பயணம் போனை மட்டும் வச்சுப் போய்ப் பாருங்க. எந்த இடத்துல போன் கைவிட்டுச்சுன்னு குறிச்சு வைங்க. அந்தக் குறையைத் தீர்க்கிற வாட்சா பார்த்து வாங்குங்க. பெட்டியில இருக்கிற வசதிகளோட பட்டியலைப் பார்த்து வாங்காதீங்க.

அப்புறம், வாட்ச் இருந்தாலும் இல்லாட்டியும், எங்க போறோம், எப்போ திரும்புவோம்னு வீட்டுல ஒருத்தர்கிட்ட சொல்லிட்டுக் கிளம்புங்க. அடுத்த வாரம் சந்திப்போம்!