சயாமுக்கு ஒரு நாள் பயணம்

"நாளைக்குச் சயாமுக்குப் போறோம்" என்று வீட்டில் சொல்லிப் பாருங்கள். பிள்ளைகள் துள்ளிக் குதிப்பார்கள். ஆனால் எண்பதைத் தாண்டிய பாட்டி ஒருவர் வீட்டில் இருந்தால், அவர் முகம் மட்டும் சட்டென்று வாடிப்போகும். அந்தக் காலத்து லயங்களில் "அவரு சயாமுக்குப் போயிட்டாரு" என்றால், இனி வரமாட்டார் என்றே பொருள். அதே சயாமுக்கு இன்று விடியற்காலையில் புறப்பட்டு, அருவியில் குளித்து, பழைய நகரம் ஒன்றைச் சுற்றிப் பார்த்து, அன்று இரவே வீட்டில் வந்து படுத்துக்கொள்ளலாம்.

கெடா, பெர்லிஸ், பினாங்கு, வட பேராக் தோட்டங்களில் இருப்பவர்களுக்கும், தோட்டம் துண்டாடப்பட்டுத் தாமான்களுக்குக் குடிபோனவர்களுக்கும் இது கைக்கெட்டும் தூரம்தான். ஹட்யாய் என்றாலே நம்மவர்களுக்குக் கடைத்தெருவும், வெங்காயம் தூவிய பொரித்த கோழியும்தான் நினைவுக்கு வரும். கையிலிருக்கும் பணமெல்லாம் துணிமணியில் கரைந்துவிடும். இந்த முறை ஹட்யாயைத் தாண்டிப் போவோம். தோன் ஙா சாங் அருவி, சொங்க்லா பழைய நகரம், இந்த இரண்டும் போதும்.

முதலில் காகித வேலை

மலேசியப் பிரஜைகளுக்குத் தாய்லாந்து செல்ல விசா தேவையில்லை. பாஸ்போர்ட் குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாக வேண்டும். கைக்குழந்தை என்றாலும் அதற்கும் தனிப் பாஸ்போர்ட் எடுத்தாக வேண்டும். ஐந்தாண்டுப் பாஸ்போர்ட்டுக்குப் பெரியவர்களுக்கு 200 வெள்ளி. ஐந்து பேர் குடும்பத்துக்கு இது பெரிய செலவுதான், மறுக்கவில்லை. ஒரே மாதத்தில் எல்லாருக்கும் எடுக்காமல், மாதம் ஒருவராக எடுத்து வைத்தால் பாரம் தெரியாது. எல்லை மாநிலங்களில் வசிப்பவர்களுக்கென்று எல்லைப் பாஸ் ஒன்றும் உண்டு. அது உங்களுக்குப் பொருந்துமா என்று குடிநுழைவு இலாகாவில் கேட்டுக்கொள்ளுங்கள்.

2025 மே மாதம் முதல் தாய்லாந்துக்குள் நுழையும் ஒவ்வொருவரும் கைப்பேசி வழியாக வருகை அட்டை ஒன்றைப் பூர்த்தி செய்ய வேண்டும். புறப்படும் நாளுக்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் செய்தால் சரி. இதற்குக் காசு கிடையாது. காசு கேட்கும் பக்கம் ஏதாவது கைப்பேசியில் வந்தால் அது ஏமாற்று வேலை, உடனே மூடிவிடுங்கள். மூத்த மகளோ மகனோ பக்கத்தில் உட்கார்ந்தால் பத்து நிமிட வேலை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். வீட்டுப் பெரியவர் யாருக்காவது இன்னும் சிவப்பு அடையாள அட்டைதான் என்றால், அவருக்கு மலேசியப் பாஸ்போர்ட் கிடைக்காது. ஆயுள் முழுதும் இந்த மண்ணில் பால் மரம் வெட்டியவர்களுக்கு இந்த நிலை. ஆசையோடு எல்லை வரை அழைத்துப் போய், "நீங்க காடியிலேயே இருங்க" என்று சொல்லும் கொடுமை வேண்டாம். முன்கூட்டியே பக்குவமாகச் சொல்லுங்கள். பயணம் கிடக்கட்டும், அவருடைய குடியுரிமை மனு எந்த நிலையில் கிடக்கிறது என்று பதிவிலாகாவில் போய்க் கேளுங்கள். அதுதான் முதல் வேலை.

சொந்தக் காரில் போகிறவர்கள் தாய்லாந்துக் காப்புறுதி எடுக்க வேண்டும். எல்லைக்கு அருகிலேயே கடைகளில் எடுத்துத் தருவார்கள். கார் உங்கள் பேரில் இல்லையென்றால் உரிமையாளரின் சம்மதக் கடிதம் கையில் இருக்கட்டும். கார் இல்லாதவர்கள் கொம்முட்டர் ரயிலில் பாடாங் பெசார் போய், அங்கிருந்து தாய்லாந்து ரயிலில் ஹட்யாய் போகலாம். ஹட்யாயில் வேன் பேசிக்கொள்ள வேண்டும். இரண்டு குடும்பம் சேர்ந்தால் வேன் செலவு பாதியாகும்.

அருவிக்கு முதலில் போங்கள்

பலரும் பழைய நகரத்தைக் காலையிலும் அருவியை மாலையிலும் வைத்துக்கொள்வார்கள். என் யோசனை அதற்கு நேர் எதிர். மலைப்பக்கம் மழை பெரும்பாலும் பிற்பகலில்தான் இறங்கும். நகரத்தில் மழை பெய்தால் ஐந்தடியில் ஒதுங்கலாம். அருவியில் மழை பெய்தால் ஒதுங்க நேரமிருக்காது.

சுங்கை பட்டாணியிலிருந்து ஐந்து மணிக்குக் கிளம்பினால் புக்கிட் காயு ஹீத்தாம் எல்லையை விடியும் நேரத்தில் தொட்டுவிடலாம். தாய்லாந்து நேரம் நம் நேரத்துக்கு ஒரு மணி பின்னால். போகும்போது ஒரு மணி நேரம் இனாமாகக் கிடைக்கும், வரும்போது திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். எல்லையைத் தாண்டியதும் டன்னோக் கடைத்தெரு வரும். அங்கே மட்டும் வண்டியை நிறுத்தாதீர்கள். இறங்கிய ஆண்பிள்ளைகளைத் திரும்ப ஏற்றுவது பெரும்பாடு!

எல்லையிலிருந்து ஹட்யாய் ஏறக்குறைய 60 கிலோமீட்டர். அங்கிருந்து மேற்கே சுமார் 25 கிலோமீட்டரில் தோன் ஙா சாங். 'ஙா சாங்' என்றால் தாய் மொழியில் யானைத் தந்தம். ஏழு அடுக்குகளாக விழும் அருவி இது. மூன்றாவது அடுக்கில் பாறை தண்ணீரை இரண்டாகப் பிரித்து விடுகிறது. வெள்ளை வெளேரென்று இரண்டு தந்தங்கள் தொங்குவது போலவே இருக்கும். பெயர் வந்த கதை அதுதான். குழந்தைகளோடு போகிறவர்கள் மூன்றாவது அடுக்கோடு நின்றுகொள்ளலாம். அதற்கு மேல் ஏற்றம் கடினம், பாறைகளும் வழுக்கும்.

காலுக்கு என்ன போடுவது? விலை உயர்ந்த காலணி வேண்டாம். பால் வெட்டப் போடுகிறோமே கறுப்பு ரப்பர் சப்பாத்து, அதைவிட ஈரப் பாறையில் நன்றாகப் பிடிப்பது எதுவுமில்லை. மலையேறப் போகும் பட்டணத்துக்காரர்கள் கூட இப்போது அதைத்தான் தேடி வாங்குகிறார்கள். நம் வீட்டில் அது வாசலிலேயே கிடக்கிறது!

இது வனவிலங்குக் காப்பகம். வெளிநாட்டவருக்கு நுழைவுக் கட்டணம் உள்ளூர்க்காரரை விடக் கூடுதல். அதற்காக வாயிலில் வாக்குவாதம் செய்ய வேண்டாம். புளிச்சோறு, நெத்திலிச் சம்பல், அவித்த முட்டை கட்டிக்கொண்டு போனால் பசியாறச் செலவில்லை. ஆனால் பொட்டலத்தை மேலே தூக்கிப் போகாமல் கீழேயே சாப்பிட்டு, குப்பையைத் திரும்ப எடுத்து வாருங்கள். பெண்களுக்கு மாற்றுத் துணியும் ஒரு கைலியும் தனிப் பையில் இருக்கட்டும்.

இப்போது கவனமாகக் கேளுங்கள். மலாயில் 'கெப்பாலா ஆயிர்' என்பார்களே, அந்தக் காட்டாற்று வெள்ளம் எந்த மலை அருவியிலும் வரும். 2021 ஆகஸ்டு 18 அன்று குனோங் ஜெராயிலிருந்து இறங்கிய வெள்ளம் உயிர்களைக் கொண்டுபோனதைக் கெடாக்காரர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். நீங்கள் குளிக்கும் இடத்தில் வெயில் அடிக்கும்; மேலே மலையில் கொட்டிக்கொண்டிருக்கும். தெளிந்த தண்ணீர் கலங்கினாலோ, சருகும் குச்சியும் மிதந்து வந்தாலோ, இரைச்சல் கூடினாலோ, சாமானை எடுக்க நிற்காதீர்கள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கரையேறி மேட்டுக்குப் போங்கள். பெரியவர் ஒருவர் குளிக்காமல் கரையிலேயே நின்று தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். முறை வைத்து நில்லுங்கள்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை இந்தப் பயணத்தை ஒத்திப் போடுவதே நல்லது. ஹட்யாய் நகரமே 2000, 2010, 2025 ஆகிய ஆண்டுகளின் நவம்பர் மாதங்களில் வெள்ளத்தில் மூழ்கியது. பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை போனால் தண்ணீர் குறைவாக இருக்கும். குழந்தைகளுக்கு அதுவே பாதுகாப்பு.

ஒரு ரயில் சந்திப்பு

அருவியிலிருந்து சொங்க்லா போகும் வழியில் மறுபடி ஹட்யாயைத் தொட வேண்டும். ரயில் நிலையத்தருகே பத்து நிமிடம் நிறுத்தச் சொல்லுங்கள். பார்க்க அங்கே பெரிதாக ஒன்றுமில்லை. ஆனால் பாடாங் பெசாரிலிருந்து வரும் தண்டவாளம் வடக்கே போகும் பாதையோடு சேர்வது இங்கேதான்.

1942-43இல் நம் தோட்டத்து மக்களை அடைத்துக்கொண்டு சரக்கு வண்டிகள் போன வழி இது. ஆரம்பத்தில் மூன்று மாத வேலை, நாளுக்கு ஒரு வெள்ளி சம்பளம் என்று ஆசை காட்டினார்கள். போனவர்கள் திரும்பாதது தெரிந்து ஆட்கள் மறுக்கத் தொடங்கியதும், ஜப்பானியர்கள் தோட்டங்களைச் சுற்றி வளைத்து லாரியில் ஏற்றினார்கள். இந்த நிலையத்தைக் கடந்து, பல நாள் பயணத்துக்குப் பின் பான் போங்கில் இறக்கப்பட்டு, அங்கிருந்து காட்டுக்குள் நடத்திச் செல்லப்பட்டார்கள். பர்மாவின் தன்பியூசாயாட் வரை 415 கிலோமீட்டர் தண்டவாளம் 1943 அக்டோபரில் முடிந்தது. மலாயாவிலிருந்து போனவர்கள் எழுபதாயிரத்துக்கும் மேல் என்பது போருக்குப் பிந்தைய கணக்கு. அவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். காலராவிலும் பட்டினியிலும் போன உயிர்களுக்கு அளவில்லை. காஞ்சனபுரியில் வெள்ளைக்காரப் போர்க் கைதிகளுக்குப் பெயர் பொறித்த கல்லறைகள் வரிசை வரிசையாக இருக்கின்றன. நம்மவர்களுக்கு அப்படியொரு வரிசை இல்லை.

அதனால்தான் சொல்கிறேன், புறப்படுவதற்கு முந்தின இரவு பாட்டியிடம் கேளுங்கள். நம் குடும்பத்தில் யார் போனார்கள், எந்தத் தோட்டத்திலிருந்து போனார்கள், பெயர் என்ன என்று கேட்டு ஒரு காகிதத்தில் எழுதிக்கொள்ளுங்கள். ஹட்யாய் நிலையத்தில் நிற்கும்போது பிள்ளைகளுக்கு அந்தப் பெயரைச் சொல்லுங்கள். பத்து நிமிடம் போதும்.

சிங்கோரா

ஹட்யாயிலிருந்து சொங்க்லா சுமார் 30 கிலோமீட்டர். மலாய்க்காரர்கள் இந்த ஊரைச் 'சிங்கோரா' என்று அழைத்தார்கள். கிளந்தான் பழைய வீடுகளின் கூரையில் மெல்லிய ஓடு பார்த்திருப்பீர்கள். அதற்குச் 'சிங்கோரா ஓடு' என்ற பெயர் இந்த ஊரால் வந்ததுதான். ஒரு பக்கம் ஏரி, மறுபக்கம் கடல், நடுவில் நகரம். பதினேழாம் நூற்றாண்டில் ஏரிக்கு அப்பால் ஒரு முஸ்லிம் சுல்தானின் துறைமுகம் இருந்தது. 1680இல் அயுத்தயா படை அதை அழித்தது. இப்போதுள்ள பழைய நகரம் பிறகு எழுந்தது. அதன் நகரத் தூண் 1842இல் நாட்டப்பட்டது.

நகோன் நோக், நகோன் நை, நாங் ஙாம் ஆகிய மூன்று தெருக்களும் பக்கம் பக்கமாக ஓடுகின்றன. நடந்தே பார்த்துவிடலாம். பினாங்கு ஜோர்ஜ்டவுனைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கடைவீடுகள் சொந்தக்காரர் வீடு போலத் தோன்றும். ஆனால் இங்கே கூட்டமும் சத்தமும் குறைவு. எனக்கென்னவோ ஜோர்ஜ்டவுனை விட இதுதான் பிடிக்கிறது! ஏரிக்கரையோரம் செக்கச் செவேலென்று பழைய நெல் ஆலை ஒன்று நிற்கிறது. நாங் ஙாம் தெருவில் முட்டை மஞ்சள் கருவைப் போட்டுத் தரும் ஐஸ்கிரீமைப் பிள்ளைகள் கேட்காமல் விடமாட்டார்கள். சைவம் சாப்பிடுகிறவர்கள் 'ஜே' என்ற ஒரு சொல்லைக் கற்றுக்கொண்டால் போதும். மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்துப் போட்டிருக்கும் கடைகள் அவைதான்.

பழைய மதிற்சுவரின் ஒரு பகுதிக்கு எதிரே தேசிய அரும்பொருளகம் இருக்கிறது. 1878இல் சீனப் பாணியில் கட்டப்பட்ட மாளிகை; ஆளுநர் குடும்பத்தின் வீடாக இருந்தது. திங்கள், செவ்வாயில் மூடியிருக்கும், பிற்பகல் நான்கு மணிக்குள் போய்விட வேண்டும். கெடாவில் வெள்ளியும் சனியும் பள்ளி விடுமுறை அல்லவா, சனிக்கிழமை போவது எல்லாவற்றுக்கும் தோதாக இருக்கும்.

வெயில் தாழ்ந்ததும் சமிலா கடற்கரை. பாறைமேல் உட்கார்ந்திருக்கும் கடல்கன்னிச் சிலை 1966இல் வைக்கப்பட்டது. அதன் பக்கத்தில் படம் எடுக்காதவர் இல்லை. எதிரே கடலில் தெரியும் இரண்டு தீவுகளுக்குப் பூனை, எலி என்று பெயர். சீன வணிகன் கப்பலிலிருந்து மாயக் கல்லைத் திருடிக்கொண்டு நீந்திய பூனையும் எலியும் மூழ்கித் தீவுகளாகின என்பது உள்ளூர்க் கதை.

பெரியவர்களுக்கு இந்தக் கடலோரம் வேறொன்றையும் சொல்லும். 1941 டிசம்பர் 8 அன்று ஜப்பானியப் படை சிங்கோராவில் இறங்கியது. இங்கிருந்து சடாவ் வழியாக நம் எல்லைக்கு வந்து, மூன்றே நாளில் ஜித்ராவில் சண்டையைத் தொடங்கியது. அடுத்த பிப்ரவரி 15இல் சிங்கப்பூரும் விழுந்தது. தோட்டத்து மக்களைச் சயாமுக்குக் கொண்டுபோன அந்தக் காலம் இந்தக் கரையில்தான் தொடங்கியது என்று சொல்லலாம். நீங்கள் வீடு திரும்பும் வழியும் அதே சடாவ் வழிதான்.

திரும்பும்போது

ஐந்து மணிக்குக் கிளம்பிவிடுங்கள். எல்லை இரவில் மூடும். சனிக்கிழமை மாலை கார் வரிசையும் நீளமாக இருக்கும். தாய்லாந்துப் பக்கம் ஒவ்வொரு பாஸ்போர்ட்டிலும் வெளியேறும் முத்திரை விழுந்திருக்கிறதா என்று அம்மா ஒருவரே எல்லாவற்றையும் வாங்கிப் பார்க்கட்டும். தூங்கிக்கொண்டிருக்கும் சின்னப் பிள்ளையின் பாஸ்போர்ட்தான் பெரும்பாலும் விட்டுப்போகும். முத்திரை இல்லாவிட்டால் அடுத்த முறை போகும்போது தொல்லை.

வழியில் சயாம் அரிசி மலிவாகக் கிடைக்கும், கை துறுதுறுக்கும். உரிமமில்லாமல் அரிசி கொண்டுவரக் கூடாது. பட்டாசும் கூடாது. சுங்கச் சாவடியில் மூட்டையைப் பறிகொடுத்துவிட்டு நிற்பதை விட, மிச்சமிருக்கும் பாட் நோட்டுக்கு உலர்ந்த மாம்பழமும், வராமல் வீட்டில் காத்திருக்கும் பாட்டிக்கு மெல்லிய கைலி ஒன்றும் வாங்கி வாருங்கள்.