நோட்டுஸ்வர சாகித்தியங்கள்

நோட்டுஸ்வரம் என்பது ஐரோப்பிய மெட்டுகளுக்கு முத்துசுவாமி தீட்சிதர் (1775–1835) எழுதிய சிறு சமஸ்கிருதப் பாடல்களைக் குறிக்கும். 'நோட்' என்ற ஆங்கிலச் சொல்லும் 'ஸ்வரம்' என்பதும் சேர்ந்து உருவான பெயர் இது. இவ்வகையில் இன்று சுமார் 40 பாடல்கள் கிடைக்கின்றன. மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் பாட்டு வகுப்புக்குச் செல்லும் பிள்ளைகள் பலர் தொடக்கத்திலேயே இவற்றைக் கற்கின்றனர்.

தீட்சிதரின் தந்தை ராமசுவாமி தீட்சிதரை மணலி முத்துகிருஷ்ண முதலியார் ஆதரித்தார். அவர் மகன் சின்னையா முதலியார் காலத்தில், புனித ஜார்ஜ் கோட்டையில் ஆங்கிலேயர் பாண்டு வாத்தியத்தைத் தீட்சிதர் சகோதரர்கள் கேட்டதாகக் குடும்ப மரபு கூறுகிறது. தம்பி பாலுசுவாமி அங்கேதான் ஓர் ஐரோப்பியரிடம் வயலின் கற்றார். கர்நாடக இசைக்குள் வயலின் நுழைந்த கதையும் இதனுடன் பிணைந்ததே.

மெட்டுகளின் மூலம் சிலவற்றில் தெளிவாகத் தெரிகிறது. 'சந்ததம் பாஹிமாம்' பிரிட்டிஷ் தேசிய கீதத்தின் மெட்டு. அந்த மெட்டு லண்டனில் 1744-இலேயே அச்சேறிவிட்டது. 'சக்தி ஸஹித கணபதிம்' ஒரு பிரெஞ்சு நடனப் பாட்டுடன் பொருத்திச் சொல்லப்படுகிறது. ஸ்காட்லாந்து, அயர்லாந்து ஃபிடில் கலைஞர்கள் வாசித்த நடன மெட்டுகளும் இத்தொகுப்பில் இனங்காணப்பட்டுள்ளன. ஆனால் இத்தகைய மெட்டுகள் வாய்வழியே, ஊருக்கு ஊர் மாறி வாழ்ந்தவை. ஆகவே சென்னையில் ஒலித்த வடிவம் இன்ன அச்சுப் பிரதியிலிருந்து வந்தது என்று அறுதியிடுவது கடினம்.

இவை தீட்சிதருடையவைதாமா? பாடல்களில் அவரது 'குருகுஹ' முத்திரை இருக்கிறது. ஆனால் முத்திரையைப் பிறரும் பயன்படுத்தலாமே. சுப்பராம தீட்சிதர் தம் 'பிரதமாப்யாச புஸ்தகமு' நூலில் இவற்றை அச்சிட்டது 1905-இல், அதாவது தீட்சிதர் மறைந்து 70 ஆண்டுகளுக்குப் பின். இங்கேதான் ஒரு கையெழுத்துப் பிரதி முக்கியமாகிறது. தெலுங்கு அறிஞரும் கம்பெனி அதிகாரியுமான சி.பி. பிரவுன் 1832 வாக்கில் எழுதச் செய்த அது, சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்தில் உள்ளது. தீட்சிதர் உயிரோடு இருந்தபோதே இப்பாடல்கள் வழக்கில் இருந்தன என்பதற்கு அதைவிட வலுவான சான்று தேவையில்லை.

இசையமைப்பில் இவை சங்கராபரணத்தின் ஸ்வரங்களிலேயே நிற்கின்றன, கமகம் இல்லை. பல்லவி, அனுபல்லவி, சரணம் என்ற பிரிவையும் பெரும்பாலும் பின்பற்றுவதில்லை. மதுரை மணி ஐயர் பாடிப் புகழ்பெற்ற 'இங்கிலீஷ் நோட்டு' இவற்றுள் ஒன்றல்ல. அது அரிகேசநல்லூர் முத்தையா பாகவதருடையது.