பவுண்டில் சம்பளம், பவுண்டில் செலவு

பெங்களூருவில் நாங்கள் பணியாற்றும் கிளைக்கு ஒரு நாள் காலையில் வாடிக்கையாளர் ஒருவர் இனிப்புப் பெட்டியுடன் வந்தார். மென்பொருள் துறையில் ஆண்டுக்கு 24 லட்சம் ரூபாய் சம்பளம் பெறுபவர். லண்டனில் 48,000 பவுண்டு சம்பளத்தில் வேலை கிடைத்திருந்தது. பவுண்டு ஒன்றுக்கு 115 ரூபாய் என்று பெருக்கினால் 55 லட்சத்தைத் தாண்டுகிறது. எங்களிடம் அவர் பெற்றுள்ள வீட்டுக் கடனுக்கு மாதத் தவணை 42,000 ரூபாய். கடனை இரண்டே ஆண்டுகளில் அடைத்துவிட்டால் கட்டணம் ஏதும் உண்டா என்று கேட்கவே வந்திருந்தார்.

மாறும் வட்டியிலான வீட்டுக் கடனைத் தனிநபர் முன்கூட்டியே அடைப்பதற்குக் கட்டணம் கிடையாது. அந்த விடையை ஒரே வரியில் சொல்லிவிட்டு, ஒரு வெள்ளைத் தாளை எடுத்து அவர் முன் வைத்தோம்.

பெருக்கல் கணக்கு தவறன்று. ஆனால் அது பாதிக் கணக்கு. பவுண்டில் ஈட்டுபவர் பவுண்டில்தான் வாடகை கொடுக்கிறார், பால் வாங்குகிறார், பேருந்தில் ஏறுகிறார். மாத முடிவில் மிஞ்சும் தொகைக்கு மட்டுமே ரூபாய் மதிப்பு உண்டு.

பிரிட்டனில் 2025-26 வரி ஆண்டில் முதல் 12,570 பவுண்டுக்கு வருமான வரி இல்லை. அதற்கு மேல் 50,270 பவுண்டு வரை 20 விழுக்காடு. அதே வரம்புகளுக்குள் தேசியக் காப்பீட்டுப் பங்களிப்பு 8 விழுக்காடு. ஆகவே 48,000 பவுண்டில் இவையிரண்டும் போக மாதம் கைக்கு வருவது ஏறத்தாழ 3,170. பணியிட ஓய்வூதியப் பங்களிப்பும் கழிந்தால் 3,030 அளவில் நிற்கும்.

இனிச் செலவு. அவரும் மனைவியும் ஆறு வயது மகளும் வாழ, லண்டனின் புறப்பகுதியில் இரு படுக்கையறை வீட்டுக்கு 1,700 பவுண்டு என்று அவரே இணையத்தில் பார்த்து வைத்திருந்தார். கவுன்சில் வரி எனப்படும் உள்ளாட்சி வரியைக் குடியிருப்பவர்தான் செலுத்த வேண்டும் என்பது அவருக்குப் புதிய செய்தி. நம் ஊரில் வீட்டு வரி உரிமையாளர் தலையில் விழுவதால் பலரும் இதை மறந்துவிடுகிறார்கள். அதற்கு 160. எரிவாயு, மின்சாரம், தண்ணீருக்கு 200. ரயிலுக்கு 220. உணவுக்கு 450. தொலைபேசிக்கும் இணையத்துக்கும் 50. கூட்டினால் 2,780. எஞ்சுவது 250 பவுண்டு. அவருடைய மாதத் தவணையோ 365 பவுண்டுக்குச் சமம்.

இன்று பெங்களூருவில் தவணை கட்டிய பின்னும் மாதம் 60,000 ரூபாய் சேமிப்பவர், 55 லட்சம் ‘வாங்கும்’ நாளில் தவணைக்கே 115 பவுண்டு தேடவேண்டிய நிலை. அவர் தாளை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். மனைவிக்கும் வேலை கிடைத்துவிடும் என்றார். கிடைக்கலாம். ஆனால் துணைவருக்கு வேலை செய்யும் உரிமை உண்டா என்பது விசாவின் வகையைப் பொறுத்தது. உரிமை இருந்தாலும் முதல் மாதமே சம்பளம் வரும் என்று எண்ணித் திட்டமிடுவதை நாங்கள் ஏற்பதில்லை. ஒருவர் சம்பளத்தில் ஓராண்டு தாக்குப்பிடிக்க முடியுமா என்றே பார்க்கச் சொல்கிறோம்.

வீட்டை வாடகைக்கு விட்டுத் தவணையை ஈடுகட்டலாமே என்று சிலர் கேட்பர். இவருடைய வீட்டில் பெற்றோர் இருக்கின்றனர். அந்த வழி இல்லை. வழி உள்ளவர்களும் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: உரிமையாளர் வெளிநாடுவாழ் இந்தியராகிவிட்டால், வாடகைதாரர் வாடகையில் 30 விழுக்காடு வரியையும் அதன் மீதான கூடுதல் வரியையும் பிடித்துச் செலுத்தியாக வேண்டும். மிகுதியாகப் பிடித்ததை வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்தே திரும்பப் பெறலாம். அதுவரை தவணைக்கு அந்தப் பணம் உதவாது.

அடுத்தது புறப்படுமுன் கட்ட வேண்டிய தொகை. விசா விண்ணப்பத்துடனேயே சுகாதார மிகைக்கட்டணம் செலுத்த வேண்டும்: பெரியவருக்கு ஆண்டுக்கு 1,035 பவுண்டு, 18 வயதுக்குட்பட்டவருக்கு 776. மூன்று ஆண்டு விசாவுக்கு இக்குடும்பம் மொத்தமாக 8,538 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 9.8 லட்சம் ரூபாய் கட்ட நேரிடும். விசாக் கட்டணம் தனி. இதைத் தாமே ஏற்கும் நிறுவனங்களும் உண்டு, ஏற்காதவையும் உண்டு. பணிக் கடிதத்தில் இதுபற்றி ஒரு சொல்லும் இல்லை.

இங்கிலாந்தில் வீட்டுக்கு முன்பணம், ஆண்டு வாடகை 50,000 பவுண்டுக்குக் குறைவாக இருந்தால், ஐந்து வார வாடகைக்கு மேல் வாங்கக்கூடாது என்பது சட்டம். பெங்களூரு முன்பணத்தைப் பார்த்தவர்களுக்கு இது சலுகையாகவே தோன்றும். ஆயினும் இங்கே சிபில் மதிப்பெண் எவ்வளவு உயர்வாக இருந்தாலும் அங்கே அது செல்லாது. கடன் வரலாறே இல்லாத புதியவராகத்தான் வீட்டு உரிமையாளர் முன் நிற்க வேண்டும். முதல் சம்பளம் மாத இறுதியில்தான் வரும் என்பதால், முன்பணம், முதல் மாத வாடகை, கட்டில், குளிர்கால உடை, ஆறு வார உணவு ஆகியவற்றுக்குரிய பணத்தை இங்கிருந்தே கொண்டுபோக வேண்டும்.

அத்தொகையை ரிசர்வ் வங்கியின் எல்.ஆர்.எஸ். திட்டத்தில் அனுப்பலாம். நிதியாண்டுக்கு 2,50,000 டாலர் வரை வரம்பு. ஆனால் இத்திட்டம் இந்தியாவில் வசிப்பவர்களுக்கே உரியது. ஆண்டில் 10 லட்சம் ரூபாயைத் தாண்டும் தொகைக்கு, கல்வி, மருத்துவம் நீங்கலான பிற காரணங்களுக்கு, 20 விழுக்காடு டி.சி.எஸ். வசூலாகும், பின்னர் வரியில் ஈடுசெய்துகொள்ளலாம் என்றாலும் புறப்படும் நேரத்தில் கைப்பணம் முடங்கும்.

எங்களைக் கவலைக்குள்ளாக்கியது வேறொன்று. அவருடைய தந்தை நீரிழிவு நோயாளி. பெற்றோர் இருவருக்கும் மருத்துவக் காப்பீடு மகனுடைய அலுவலகக் குழுப் பாலிசியில் இருந்தது. பணி விலகும் நாளோடு அது முடிந்துவிடும். புதிய பாலிசி எடுத்தால், ஏற்கெனவே உள்ள நோய்களுக்கு மூன்று ஆண்டு வரை காத்திருக்க நேரலாம். குழுப் பாலிசியிலிருந்து அதே காப்பீட்டு நிறுவனத்தின் தனிநபர் பாலிசிக்கு மாறும் வழி உண்டு. அதைப் பணி விலகுமுன் கேட்க வேண்டும், பின்னர் அன்று. விசா, விமானச்சீட்டு, பள்ளிச் சான்றிதழ் என்று ஓடும் வாரங்களில் இதை எவரும் நினைவூட்டுவதில்லை. இதற்கான சந்தாவையும் தாளில் சேர்த்தோம். பற்றாக்குறை மேலும் பெருகியது.

அவர் இனிப்புப் பெட்டியை எங்கள் மேசையில் வைத்துவிட்டுப் போனார். நாங்கள் நல்ல செய்தி சொல்லவில்லை என்ற உறுத்தல் அன்று மாலை வரை இருந்தது.

பத்து நாள் கழித்து மீண்டும் வந்தார். அந்நிறுவனத்துக்கு லீட்ஸ் நகரிலும் அலுவலகம் உண்டு என்று விசாரித்தறிந்திருந்தார். அங்கே சம்பளம் 45,000 பவுண்டு, மூவாயிரம் குறைவு. வரியும் ஓய்வூதியமும் போக மாதம் 2,860 அளவில் வரும். அலுவலகத்துக்குப் பேருந்து தூரத்தில் வீட்டு வாடகை 1,050, பயணத்துக்கு 80. மற்றச் செலவுகளை மாற்றாமல் கூட்டினால் 1,990. மிச்சம் 870 பவுண்டு. குறைந்த சம்பளத்தில் தவணையும் கட்டி, காப்பீட்டுச் சந்தாவும் செலுத்தி, 500 பவுண்டுக்கு அருகில் கையிருப்பும் வைக்கலாம். சுகாதார மிகைக்கட்டணத்தை நிறுவனமே ஏற்கவும் கேட்டு ஒப்புதல் பெற்றிருந்தார். கேட்டால் வேலை போய்விடுமோ என்று முதலில் அஞ்சியதாகவும் சொன்னார்.

எஞ்சிய வங்கி வேலைகள் எளியவை; தள்ளிப்போடுவதால்தான் சிக்கலாகின்றன. வேலைக்காக வெளிநாடு செல்பவர் தம் சாதாரண சேமிப்புக் கணக்கை என்.ஆர்.ஓ. கணக்காக மாற்ற வேண்டும். இந்திய வருமானம் இதில் வரவாகும். வட்டிக்கு வரி உண்டு. வெளிநாட்டுச் சம்பளத்தை அனுப்ப என்.ஆர்.இ. கணக்கு, அதன் வட்டிக்கு இந்தியாவில் வரியில்லை, பணத்தைத் தடையின்றித் திரும்ப எடுத்துச் செல்லவும் முடியும். பி.பி.எஃப். கணக்கை 15 ஆண்டு முதிர்வு வரை தொடரலாம். அதன்பின் நீட்டிக்க இயலாது. தவணையை என்.ஆர்.இ. கணக்கிலிருந்து தானாகப் பிடித்துக்கொள்ள ஏற்பாடு செய்தோம்.

மனைவியும் மகளும் பள்ளியாண்டு முடிந்த பின் செல்வதென்று முடிவாயிற்று. புறப்படுவதற்கு முந்தைய நாள் தொலைபேசியில் அழைத்தார். பழைய கைப்பேசி எண்ணை ரத்து செய்யப் போவதாகச் சொன்னார். ஓ.டி.பி. அனைத்தும் அந்த எண்ணுக்கே வருவதால், குறைந்தபட்ச ரீசார்ஜில் அதை உயிரோடு வைத்து, சர்வதேச ரோமிங்கையும் இயக்கிக்கொண்டு விமானம் ஏறும்படி கேட்டுக்கொண்டோம்.