சமைத்தவனே கழுவ வேண்டும்

அது ஒரு 40 பக்க நோட்டு. அட்டையில் ‘வரவு, செலவு, வசவு’ என்று எழுதியிருக்கும். உள்ளே ஒரு ஞாயிற்றுக்கிழமைக் கணக்கு இப்படிப் போகிறது: பொன்னி முக்கால் கிலோ 36 ரூபாய். துவரம் பருப்பு கால் கிலோ 50. சின்ன வெங்காயம், பூண்டு, தக்காளி 25. எண்ணெய், தாளிக்கிற சாமான் 12. தயிர் 20. அப்பளம் 10. மொத்தம் 153. ஐந்து பேர். தலைக்கு 30 ரூபாய் 60 காசு. அதன் கீழே சிவப்பு மையில், ‘60 காசு இன்னும் யாரும் தரவில்லை.’

2015 அக்டோபர் மாதத்துப் பக்கம் அது. சைதாப்பேட்டையில் ஒரு வீட்டு மாடியில் ஐந்து பேர் இருந்தோம். எங்கள் அறையில் யாருக்கும் பெயர் கிடையாது, ஊர்தான் பெயர். கோயம்புத்தூர், மதுரை, திருநெல்வேலி, தஞ்சாவூர், விழுப்புரம். விழுப்புரம் நான். கீழே வீட்டுக்கார அம்மா. எங்களுக்கு அவர் போட்ட நிபந்தனைகள் இரண்டே: பத்து மணிக்கு மேல் சத்தம் கூடாது, கருவாடு வறுக்கக் கூடாது.

எல்லாரும் வேலைக்குப் போகிறவர்கள். சம்பளத்தில் பாதியை ஊருக்கு அனுப்புகிறவர்கள். மெஸ்ஸில் ஒரு சாப்பாடு 70, 80 ரூபாய். அம்மா உணவகம் இருந்ததே என்பீர்கள். இருந்தது, இட்லி ஒரு ரூபாய்க்கும் சாம்பார் சாதம் 5 ரூபாய்க்கும் தயிர் சாதம் 3 ரூபாய்க்கும். அந்த விலையை எந்த நண்பர் கூட்டத்தின் சமையலாலும் எட்டிப் பிடிக்க முடியாது. ஆனால், நாங்கள் அறைக்குத் திரும்பும் நேரம் இரவு பத்து. அப்போது அங்கே பாத்திரம் கவிழ்த்துப் பூட்டியிருப்பார்கள்.

ரேஷன் கடையில் அரிசி இலவசம், துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25. அதுவும் எங்களுக்கு இல்லை. ஐந்து பேரின் பெயரும் ஐந்து ஊர்களில் அப்பா அம்மாவின் அட்டையில் இருந்தது. பேச்சிலர் சமையலில் யாரும் எழுதாத செலவு இதுதான். ஒரே பருப்புக்கு ஊரில் ஒரு விலை, பிழைக்க வந்த இடத்தில் ஆறேழு மடங்கு.

அந்த ஆண்டுப் பருப்புக்கதை தெரிந்தவர்களுக்குத் தெரியும். 2014, 2015 என்று அடுத்தடுத்து இரண்டு வருடம் பருவமழை ஏமாற்றியதில் துவரை விளைச்சல் விழுந்தது. 2015 அக்டோபரில் கிலோ 200 ரூபாயைத் தொட்டது. கலபுரகியிலும் மராத்வாடாவிலும் மழை பொய்த்தால் சைதாப்பேட்டையில் சாம்பார் நீர்த்துப்போகும் என்பதை அந்த மாதம்தான் கற்றுக்கொண்டோம். மேலே உள்ள கணக்கைத் திரும்பப் பாருங்கள். கால் கிலோ பருப்பு, முக்கால் கிலோ அரிசியைவிட 14 ரூபாய் அதிகம்.

அடுப்பு கிடைத்த கதையையும் சொல்லிவிட வேண்டும். வீட்டுக்கு வரும் 14.2 கிலோ சிலிண்டருக்கு முகவரிச் சான்று வேண்டும். வாடகை ஒப்பந்தமே இல்லாதவர்களிடம் அது ஏது? 2013 முதல் சில பெட்ரோல் பங்குகளில் 5 கிலோ சிலிண்டர் விற்கத் தொடங்கியிருந்தார்கள். அடையாள அட்டையைக் காட்டினால் போதும். மானியம் இல்லாததால் விலை கூடுதல்தான். இப்போது இண்டேன் அதற்கு ‘சோட்டு’ என்று பெயர் வைத்திருக்கிறது. எட்டு லிட்டர் குக்கர் கோயம்புத்தூரானின் அண்ணன் கல்யாணத்தில் இரண்டாவதாக வந்த சீர். மிக்ஸி, திருநெல்வேலிக்காரனின் அம்மாவுக்கு வந்த அரசு விலையில்லா மிக்ஸி.

சமையல் தொடங்கிய முதல் மாதம் எங்கள் சட்டம், உலகத்தில் எல்லா அறைகளிலும் இருக்கிற அதே சட்டம்: சமைத்தவன் கழுவ வேண்டாம். கேட்க நியாயமாக இருக்கும். பாடுபட்டுச் சமைத்தவனையே பாத்திரத்தையும் தேய்க்கச் சொல்வது பாவமில்லையா?

அந்த நியாயத்தைச் சீரழித்தவன் மதுரைக்காரன். அவன் கை மணக்கும், அதில் சந்தேகமில்லை. ஆனால், ஒரு சால்னா வைப்பதற்கு மசாலா வறுக்க ஒரு வாணலி, வெங்காயம் தக்காளி வதக்க இன்னொன்று, அரைத்ததை வழித்துப்போட ஒரு கிண்ணம், கொதிக்க ஒரு சட்டி, பரோட்டாவைச் சூடுகாட்ட ஒரு தோசைக்கல் என்று எடுப்பான். கடைசியில் தாளிக்கத் தனிக் கரண்டி. சாப்பிட்டு முடித்துப் பார்த்தால் தொட்டியில் கல்யாண வீட்டுப் பந்தி முடிந்த மாதிரி மலை. திருநெல்வேலிக்காரன்தான் வாயைத் திறந்தான்: “ஏல, ஒரு கொழம்புக்கு ஆறு பாத்திரமால?” மதுரைக்காரன் அசரவில்லை. “மாப்ள, சால்னான்னா சால்னாவா இருக்கணும்.” அன்று இரவு யாரும் கழுவவில்லை. மறுநாளும் இல்லை. மூன்றாம் நாள் எறும்பு வந்தது. நான்காம் நாள் வீட்டுக்கார அம்மா வந்தார்.

அந்த வாரம் சட்டத்தைத் திருத்தினோம். இனி சமைத்தவனே கழுவ வேண்டும். வேறு எதையும் மாற்றவில்லை, பட்ஜெட்டைக்கூடத் தொடவில்லை. ஒரே வாரத்தில் எங்கள் அறையின் சமையல் தலைகீழாகிவிட்டது. மதுரைக்காரன் சால்னாவை மறந்து, முட்டைக் குழம்புக்கு வந்தான். அதிலும் முட்டையைத் தனியாக அவித்து உரிக்கிற வேலையே இல்லை. புளிக்குழம்பு நன்றாகக் கொதித்து எண்ணெய் மேலே வரும்போது, தீயைக் குறைத்து, முட்டையை ஒவ்வொன்றாக உடைத்து அதிலேயே ஊற்றிவிட வேண்டும். ஐந்து நிமிடம் கரண்டியே போடக் கூடாது. போட்டால் முட்டை கலைந்து குழம்பு கஞ்சியாகும். விட்டால், ஒவ்வொன்றும் தனித்தனியாக, உள்ளே குழம்பு ஏறி, பூப்போல வேகும். பாத்திரம் ஒன்று, கரண்டி ஒன்று.

எளிய சமையல் பற்றிக் கேட்பவர்களிடம் அன்றிலிருந்து நான் சொல்வது இதைத்தான். என்ன விலை என்பதைப் பிறகு பார்க்கலாம். எத்தனை பாத்திரம் என்று முதலில் கேளுங்கள். காசு ஆகிறதென்று யாரும் சமைப்பதை நிறுத்தி நான் பார்த்ததில்லை. தொட்டி நிறைந்து கிடக்கிறதே என்று நிறுத்தியவர்கள்தான் ஏராளம்.

இதை எங்களுக்கு முன்பே கண்டுபிடித்துவைத்திருந்தது கொங்குநாடு. அரிசிம்பருப்புச் சாப்பாடு என்று கோயம்புத்தூரான் சொல்லும்போது, ‘ம்’மில் ஒரு அழுத்தம் இருக்கும். முக்கால் கிலோ அரிசிக்குக் கால் கிலோ துவரம் பருப்பு. குக்கரிலேயே எண்ணெய் விட்டு, கடுகு, சீரகம், வரமிளகாய், கறிவேப்பிலை தாளித்து, சின்ன வெங்காயமும் பூண்டும் முழுசு முழுசாகப் போட்டு வதக்கி, தக்காளி, மஞ்சள்தூள், கொஞ்சம் சாம்பார்தூள், அளந்த டம்ளருக்கு மூன்று பங்கு தண்ணீர். மூன்று நான்கு விசில், முடிந்தது. பாதிக் குக்கருக்கு மேல் நிரப்பக் கூடாது என்பதை மட்டும் மறக்கக் கூடாது. பருப்பு நுரைத்து விசிலை அடைத்துக்கொள்ளும். நாங்கள் ஒருமுறை சுவரைத் தேய்த்திருக்கிறோம். மேலே ஒரு கரண்டி தேங்காய் எண்ணெய் விட்டால், நெய் இல்லாத குறை தெரியாது.

பருப்பு 200 ரூபாய்க்குப் போனபோது, மைசூர்ப் பருப்பு போடலாமா என்று தஞ்சாவூரான் கேட்டான். கோயம்புத்தூரான் முகம் மாறிவிட்டது. “அரிசிம்பருப்புல மைசூர்ப் பருப்பு போட்டேன்னு தெரிஞ்சா எங்கூர்ல எனக்குப் பொண்ணு குடுக்க மாட்டாங்கடா.” அந்த நவம்பர் முழுக்க அவன் பிடிவாதத்துக்காகத் தலைக்குச் சில ரூபாய் கூடுதலாகக் கொடுத்தோம். மைசூர்ப் பருப்பு இரண்டு கிலோ வாங்கியும் வைத்தோம், அவன் சமைக்காத நாட்களுக்கு.

திருநெல்வேலிக்காரன் வைத்தது கூட்டாஞ்சோறு. சின்ன வயதில் ஆளுக்கொரு பிடி அரிசி வீட்டிலிருந்து கொண்டுவந்து, மூன்று கல் கூட்டி, வேப்பமரத்தடியில் அரைவேக்காட்டில் தின்றதைத்தான் எங்கள் பக்கத்தில் அப்படிச் சொல்வோம். அவர்கள் பக்கம் அது முறையான ஒரு பதார்த்தம். தை மாதத்தில் சிறுமிகள் மண்ணால் குட்டி வீடு கட்டிப் பொங்கலிடும் சிறுவீட்டுப் பொங்கல் உள்ள ஊர்க்காரர்கள், விளையாட்டுச் சோற்றையும் விளையாட்டாக எடுத்துக்கொள்வதில்லை.

கூட்டாஞ்சோற்றின் அழகு, அது கடைசிநேரக் காய்க்கென்றே பிறந்தது. இரவு சந்தை கலைகிற நேரம் போனால், மிஞ்சிய காயைக் கூறு கட்டிவைத்திருப்பார்கள். இரண்டு கத்தரிக்காய், ஒரு வாழைக்காய், ஒரு முருங்கைக்காய், கொஞ்சம் சீனியவரைக்காய் (நமக்குக் கொத்தவரங்காய்), ஒரு துண்டு மாங்காய். எதுவும் தனியாக ஒரு குழம்புக்குத் தேறாது. எல்லாம் சேர்ந்தால் கூட்டாஞ்சோறு. பருப்பை முதலில் முக்கால் வேக்காடு வேகவிட்டு, அரிசியையும் கடினமான காய்களையும் போட வேண்டும். புளித்தண்ணீரை முந்திக்கொண்டு ஊற்றினால் கெட்டது. புளிப்பு பட்ட பருப்பும் காயும் பிறகு எவ்வளவு கொதித்தாலும் விறைத்துக்கொண்டு நிற்கும். முக்கால்வாசி வெந்த பிறகே புளி, மாங்காய், முருங்கைக்கீரை, தேங்காயும் சீரகமும் வற்றல் மிளகாயும் அரைத்த விழுது. கடைசியில் வடகம் தாளித்துக் கொட்டினால், கீழ்வீட்டில் கதவு திறக்கிற சத்தம் கேட்கும்.

இந்தச் சோற்றை ஒற்றை ஆளாக வைக்க முடியாது. வைக்கலாம், வாழ்க்கை வெறுத்துவிடும். கீரை ஆய ஒருவன், தேங்காய் துருவ ஒருவன், காய் நறுக்க இரண்டு பேர். ஐந்து பேருக்கும் வேலை கொடுத்துவிட்டு, கழுவ ஒரே ஒரு குண்டானை மட்டும் மிச்சம் வைக்கிற சமையலுக்கு வேறு என்ன பெயர் வைப்பது?

எல்லாமே வெற்றி என்று நினைக்க வேண்டாம். மொத்தமாக வாங்கினால் மலிவு என்று யாரோ சொன்னதைக் கேட்டு, ஒரு விடியற்காலை கோயம்பேடு போய் 10 கிலோ தக்காளி தூக்கிவந்தோம். எங்களிடம் ஃப்ரிட்ஜ் கிடையாது. திங்கள் தக்காளி சாதம், செவ்வாய் தக்காளித் தொக்கு, புதன் தக்காளி ரசம். வியாழக்கிழமை மிச்சமிருந்த நாலு கிலோவைக் குப்பைத் தொட்டியில் போட்டபோது யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. அழுகாத சரக்கை மொத்தமாக வாங்கலாம்: அரிசி, பருப்பு, புளி. காயில் அந்தப் புத்தி வேண்டாம். மீல் மேக்கர் ஒரு கிலோ வாங்கியதும் வீண் போகவில்லை. வெந்நீரில் ஊறவைத்து இரண்டு முறை பிழிந்தால் அந்த வாடை போய்விடும், மதுரைக்காரன் மசாலாவில் போட்டால் கண்ணை மூடிக்கொண்டு கறி என்று நம்பலாம். கண்ணைத் திறக்கக் கூடாது.

டிசம்பர் 1 வந்தது. தாம்பரம் பக்கம் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை. செம்பரம்பாக்கம் ஏரியைத் திறந்தார்கள், அடையாறு கரை மீறியது, எல்லாம் எல்லாருக்கும் தெரிந்த கதை. எங்களுக்கு அது நள்ளிரவில் மாடிப்படியில் கேட்ட காலடிச் சத்தம். வீட்டுக்கார அம்மா, அவர் கணவர், எதிர்வீட்டு அண்ணன் அண்ணி, இரண்டு பிள்ளைகள். கீழே இடுப்பளவு தண்ணீர். மின்சாரம் இல்லை, செல்போன் இல்லை. எங்களோடு சேர்த்துப் பதினொரு பேர்.

விடிந்ததும் கணக்குப் பார்த்தோம். அரிசி நாலு கிலோ. துவரம் பருப்பு சுத்தமாக இல்லை. கோயம்புத்தூரான் தொடமாட்டேன் என்று ஒதுக்கிவைத்த மைசூர்ப் பருப்பு ஒன்றரைக் கிலோ. சிலிண்டரைத் தூக்கிப் பார்த்ததில் பாதிக்கு மேல் கனம் இருந்தது. பூண்டு இருந்தது, வரமிளகாய் இருந்தது. யாரும் எதுவும் சொல்லவில்லை. அவனே எழுந்துபோய்க் குக்கரை எடுத்தான்.

மைசூர்ப் பருப்பு சீக்கிரம் குழையும், இரண்டு விசிலில் இறக்கிவிட வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தவர் வீட்டுக்கார அம்மா. இரண்டு தடவையாக வைத்தோம். தட்டு ஐந்துதான் இருந்தது. மூடியிலும் மிக்ஸி ஜாரிலும் செய்தித்தாளிலும் சாப்பிட்டோம். எதிர்வீட்டுப் பையன் இன்னும் கொஞ்சம் கேட்டான். கோயம்புத்தூரான் குக்கரைச் சுரண்டிப் போட்டுக்கொண்டே, “ஊருக்குத் தெரிய வேண்டாம்” என்றான்.

சாப்பிட்டு முடித்தபோதுதான் உறைத்தது. தெருவெல்லாம் தண்ணீர், பாத்திரம் கழுவத் தண்ணீர் இல்லை. மோட்டார் ஓடாது, தொட்டி காலி. சமைத்தவன் கோயம்புத்தூரான், ஆகவே அவன் முறை. அவன் குக்கரைத் தூக்கிக்கொண்டு மொட்டைமாடிக்குப் போனான். போனவன் இரண்டு நிமிடத்தில் வெறுங்கையோடு திரும்பி வந்தான்.

மேலே ஏறிப் பார்த்தோம். மழைத்தண்ணீர் கொட்டுகிற குழாயடியில், தலையில் பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்துக்கொண்டு குந்தியிருந்தார் வீட்டுக்கார அம்மா. கையில் தேங்காய்நார். “நீங்க போங்க தம்பி. பேச்சிலர் பசங்க குக்கர் கழுவுன லட்சணத்தைத்தான் மூணு மாசமா பார்க்கிறேனே.”

நோட்டில் டிசம்பர் 2ஆம் தேதிப் பக்கத்தில் வரவு இல்லை, செலவு இல்லை. தஞ்சாவூரான் கையெழுத்தில் ஒரே ஒரு வரி இருக்கிறது. ‘சமைத்தது: கோவை. கழுவியது: ஓனரம்மா. சட்டமீறல்.’