கேமராவைத் தொடாத போட்டோகிராபர்

படம் எடுத்தது யார் என்று கேட்டால், கேமரா பக்கத்தில் நின்றவரைத்தான் கை காட்டுவோம். நியூயார்க்கில் நெப்போலியன் சரோனியின் ஸ்டுடியோவில் அப்படிக் காட்டினால் தப்பாகிவிடும். அங்கே கேமராவைக் கையாண்டவர் பெஞ்சமின் ரிச்சர்ட்சன் என்ற உதவியாளர். சரோனி அதைத் தொடுவதே அபூர்வம். ஆனாலும் படம் சரோனியுடையதுதான் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. அது எப்படி என்று டீ ஆறுவதற்குள் பார்த்துவிடலாம்.

சரோனி 1821இல் கனடாவின் கியூபெக்கில் பிறந்தவர். சின்ன வயதிலேயே நியூயார்க் வந்து, கல்லச்சில் படம் வரையும் தொழிலைக் கற்றுக்கொண்டார். 1840களில் கூட்டாளி ஒருவரோடு சொந்தமாக அச்சகமும் வைத்தார். இந்தக் கல்லச்சு விஷயத்தைக் கொஞ்சம் நினைவில் வைத்திருங்கள். இங்கிலாந்தில் அவருடைய சகோதரர் ஆலிவர் போட்டோ எடுத்து நன்றாகச் சம்பாதித்துக்கொண்டிருந்தார். நெப்போலியனும் அங்கே போய்த் தொழில் பழகி, 1866இல் நியூயார்க் திரும்பி ஸ்டுடியோ திறந்தார். சில ஆண்டுகளில் யூனியன் ஸ்கொயருக்கு இடம் மாறினார். சுற்றிலும் நாடகக் கொட்டகைகள். கடை போட அதைவிட நல்ல இடம் கிடைக்காது.

அந்தக் காலத்தில் படத்துக்கு உட்காருவது தண்டனை. பல வினாடிகள் அசையக் கூடாது என்பதால் கழுத்துக்குப் பின்னால் ஓர் இரும்புத் தாங்கியை முட்டுக்கொடுப்பார்கள். பழைய படங்களில் எல்லோரும் விறைத்துப்போய் இருப்பதற்குப் பாதிக் காரணம் அதுதான். சரோனியின் கெட்டிக்காரத்தனம் இங்கேதான் தெரிந்தது. வந்தவரோடு பேசுவார், நடித்துக் காட்டுவார், கையை இப்படி வை, தலையைச் சாய் என்று ஆட்டிவைப்பார், திரையையும் வெளிச்சத்தையும் மாற்றுவார். முகத்தில் தான் தேடிய பாவம் வந்ததும் ரிச்சர்ட்சனுக்குச் சைகை. சினிமா டைரக்டர் செய்கிற வேலைதான். சினிமா என்ற ஒன்று அப்போது பிறக்கவில்லை, அவ்வளவே.

வியாபாரமும் விசித்திரமானது. படம் எடுத்துக்கொள்கிறவர் காசு கொடுப்பதுதானே வழக்கம்? இங்கே பெரிய நடிகைகளுக்கு சரோனி காசு கொடுத்தார். சாரா பெர்னார்டுக்கு 1,500 டாலர் கொடுத்ததாகச் சொல்வார்கள். கெட்டி அட்டையில் ஒட்டிய படங்களை ரசிகர்கள் வாங்கி ஆல்பத்தில் சேர்த்தார்கள்; முதலீடு அங்கே திரும்பிவந்தது. ஆக, படத்தை விற்கும் உரிமை தன் ஒருவனிடமே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் போட்ட பணம் போச்சு.

1882 ஜனவரியில் எழுத்தாளர் ஆஸ்கர் வைல்ட் சொற்பொழிவுகளுக்காக அமெரிக்கா வந்தார். சரோனி அவரை இருபதுக்கும் மேற்பட்ட கோணங்களில் எடுத்தார். அதில் 18ஆம் எண் படம் பிரபலம்: நீண்ட முடி, வெல்வெட் கோட்டு, முழங்கால்வரை கால்சட்டை, பட்டுக் காலுறை, ஒரு கை கன்னத்தில், மறு கையில் புத்தகம். பரோ-ஜைல்ஸ் என்ற கல்லச்சு நிறுவனம் அதைக் கேட்காமலே 85,000 பிரதி அடித்துத் தள்ளியது. தான் பழகிய தொழிலே தன் படத்தைத் திருடியது என்று சரோனி சிரித்தாரோ என்னவோ, வழக்குப் போட்டார்.

எதிர்த்தரப்பின் வாதத்தை லேசாக ஒதுக்க முடியாது. அரசியல் சட்டம் ‘ஆசிரியர்’களின் ‘எழுத்து’க்குத்தான் பாதுகாப்புத் தருகிறது, கேமரா எதிரில் இருப்பதை அப்படியே பதிக்கும் யந்திரம், இதில் ஆசிரியர் எங்கே வந்தார் என்றார்கள். 1884 மார்ச்சில் உச்ச நீதிமன்ற நீதிபதி சாமுவேல் மில்லர் தீர்ப்பை எழுதினார். வரைபடத்துக்கும் செதுக்குப் படத்துக்கும் பாதுகாப்பு உண்டென்றால் போட்டோவுக்கும் உண்டு. நிற்கும் நிலை, உடை, திரைச்சீலை, ஒளி, நிழல், முகபாவம் எல்லாம் சரோனி மனதில் உருவாகி அமைந்தவை. ஆகவே அவரே ஆசிரியர்.

இதில் உடையைச் சேர்த்தது எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே படுகிறது. அந்த வெல்வெட் கோட்டும் கால்சட்டையும் வைல்டின் சொந்தச் சரக்கு; மேடையிலும் அதைத்தான் போட்டுக்கொண்டு நின்றார். கேமராவைக் கையாண்ட ரிச்சர்ட்சன் பேச்சோ எழவே இல்லை.

கலைநோக்கம் எதுவும் இல்லாமல் எடுக்கும் சாதாரணப் படத்துக்கும் இந்த உரிமை உண்டா என்பதற்கு நீதிமன்றம் பதில் சொல்லாமல் விட்டது. செயற்கை நுண்ணறிவு வரைந்த படத்துக்கு உரிமையாளர் யார் என்று இன்று அமெரிக்காவில் நடக்கும் வழக்குகளிலும் முதலில் புரட்டுவது இந்தத் தீர்ப்பைத்தான். யந்திரத்துக்குப் பின்னால் ஒரு மனிதரின் எண்ணம் இருந்ததா என்பதே கேள்வி.

1896இல் இறந்த சரோனிக்கு இந்த வழக்கில் கிடைத்த நஷ்டஈடு 610 டாலர். பெர்னார்டுக்குக் கொடுத்ததாகச் சொல்லும் தொகையில் அது பாதிகூட இல்லை.